ஏரித் தண்ணீரில் மிதக்கும் மின்சாரம்! குடியாத்தத்துக்கு ஒத்து வருமா?

குடியாத்தம்,-

கத்திரி வெயில் வந்து விட்டால் குடியாத்தத்தில் இரண்டே பேச்சுதான். ஒன்று, "கரண்ட் எப்ப வரும்?" இன்னொன்று, "தண்ணி எப்ப வரும்?"

இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஏரித் தண்ணீர் மேல் சூரிய மின் பலகைகளை மிதக்க விடுகிறார்கள். வெயிலில் இருந்து மின்சாரம் கிடைக்கிறது. பலகையின் நிழலில் தண்ணீரும் ஆவியாகாமல் தங்குகிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

தூத்துக்குடியில் இது நடக்கிறது. கோவையில் நடக்கிறது. கேரளாவிலும் தெலுங்கானாவிலும் செய்து பார்த்து விட்டார்கள். சிங்கப்பூரில் குடிதண்ணீர் நிலையங்களுக்கே இதில் இருந்துதான் மின்சாரம்.

நெல்லூர்பேட்டை ஏரியில் போட்டால் மிதக்காதா? மோர்தானா அணையில் போட்டால் மிதக்காதா?

மிதக்கும். சந்தேகமே வேண்டாம். ஆனால், மிதப்பது பெரிய காரியம் அல்ல. தண்ணீர் வற்றிய பிறகு அது எங்கே போய் உட்காரும் என்பதுதான் குடியாத்தத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி!

இதோ முழு விவரம்:-

எப்படி மிதக்கிறது?

மொட்டை மாடியில் வைக்கிற அதே சூரிய மின் பலகைதான். வித்தியாசம் எல்லாம் அடியில் இருக்கிறது.

தண்ணீர்க் குழாய் செய்கிற கெட்டி பிளாஸ்டிக்கில், உள்ளே காற்று நிற்கும்படி மிதவைகள் செய்கிறார்கள். மிதவைக்கு மேல் பலகை. ஒரு மிதவையோடு இன்னொரு மிதவையைக் கோத்துக் கொண்டே போனால், தண்ணீர் மேல் பாய் விரித்த மாதிரி ஆகி விடுகிறது.

பாய் காற்றில் அலைந்து விடக் கூடாது அல்லவா? அதற்காகக் கயிறு கட்டி, ஏரியின் அடியில் கான்கிரீட் கட்டைகளை இறக்குகிறார்கள். படகுக்கு நங்கூரம் போடுகிற கதைதான். சின்னக் குளமாக இருந்தால் கரையிலேயே கட்டி விடுவதும் உண்டு.

பலகையில் இருந்து வருவது பேட்டரியில் வருவது போன்ற டி.சி. மின்சாரம். அது அப்படியே வீட்டுக்கு உதவாது. 'இன்வெர்ட்டர்' என்ற கருவி அதை ஏ.சி. மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு கம்பி வழியாகக் கரைக்கு வந்து மின்வாரிய லைனில் சேருகிறது.

"தண்ணி மேல கரண்டா? ஷாக் அடிக்காதா?"

முதலில் யாரும் இதைத்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கம்பிகளுக்குக் கெட்டி உறை உண்டு. இணைப்புகள் தண்ணீர் புகாதவை. ஒழுங்காகச் செய்தால் ஆபத்து இல்லை. ஆனால், பலகைகளை வரிசையாகச் சேர்க்கும்போது டி.சி. மின் அழுத்தம் ஆயிரம் வோல்ட் வரையிலும், அதற்கு மேலும் போகும். உறை கிழிந்தால் விளையாட்டு அல்ல. ஆகவே அந்தப் பக்கம் யாரும் நீந்தவோ, மாடு குளிப்பாட்டவோ விட முடியாது. அதை இப்போதே மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

வெயில் கூடினால் மின்சாரம் குறையும்!

வேலூர் மாவட்டம் வெயிலுக்குப் பெயர் போனது. "அப்படியானால் இங்கே மின்சாரம் கொட்டுமே!" என்று நினைக்கத் தோன்றும்.

அதுதான் இல்லை!

சூரிய மின் பலகைக்கு வெளிச்சம் பிடிக்கும். சூடு பிடிக்காது. பலகையின் சூடு 25 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் மின்சாரம் குறைகிறது. கோடையில் மொட்டை மாடியில் இருக்கும் பலகை 65 டிகிரி வரை கொதிக்கும். கணக்குப் போட்டால் 16 சதவீதம் நஷ்டம். கடைக்காரர் பாஷையில் சொன்னால், நூறு ரூபாய் வியாபாரத்தில் கல்லாவுக்கு வருவது 84 ரூபாய்தான்!

தண்ணீர் மேல் பலகை இருந்தால் அடியில் குளிர்ச்சி. சூடு கொஞ்சம் தணிகிறது. சிங்கப்பூரில் சோதித்தபோது, கட்டிடக் கூரையில் இருந்த பலகைகளை விட மிதக்கும் பலகைகள் 5 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக மின்சாரம் கொடுத்தன.

தூத்துக்குடியில் 25 மெகாவாட்!

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது தூத்துக்குடி 'ஸ்பிக்' உரத் தொழிற்சாலை. தொழிற்சாலைக்குத் தண்ணீர் சேமித்து வைக்கும் நீர்த்தேக்கத்தின் மேலேயே பலகைகளை விரித்து விட்டார்கள். சுமார் 25 மெகாவாட். செலவு சுமார் 150 கோடி ரூபாய். 2022 மார்ச் மாதம் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார்.

ஆண்டுக்கு 4 கோடியே 20 லட்சம் யூனிட் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவாகும் வீடு என்று வைத்துக் கொண்டால், 35 ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்! ஆவியாகிப் போகும் தண்ணீரில் 60 சதவீதம் மிச்சம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

கோவையில் மாநகராட்சியே இறங்கியது. உக்கடம் பெரியகுளத்தில், சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு, சுமார் 150 கிலோவாட் அளவில் சிறியதாகப் போட்டார்கள். தொழிற்சாலை அல்லாத ஓர் ஊர்க் குளத்தில் இது எப்படி நிற்கும் என்று பார்க்க நினைப்பவர்கள், போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

மோர்தானாவில் பாதி மிச்சம்!

இன்னொரு கணக்கு இருக்கிறது. கேட்டால் குடியாத்தத்து விவசாயி வாயைப் பிளப்பார்.

தெலுங்கானா மாநிலம் ராமகுண்டத்தில் தேசிய அனல் மின் கழகத்தின் நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே 500 ஏக்கர் பரப்பில் 100 மெகாவாட் பலகைகளை மிதக்க விட்டிருக்கிறார்கள். மொத்தம் நான்கரை லட்சம் பலகைகள். செலவு 423 கோடி ரூபாய். 2022 ஜூலை 30-ந் தேதி பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அதனால் ஆண்டுக்கு 32½ லட்சம் கன மீட்டர் தண்ணீர் ஆவியாகாமல் தப்பும் என்பது மத்திய அரசு சொன்ன கணக்கு.

இது எவ்வளவு தண்ணீர்? 500 ஏக்கரிலும் சுமார் ஐந்தடி உயரத்துக்கு நிறுத்தி வைத்த தண்ணீர்!

குடியாத்தம் கணக்கில் பார்ப்போம். ஆந்திர எல்லையை ஒட்டி, கவுண்டன்ய ஆற்றின் குறுக்கே இருக்கும் மோர்தானா அணையின் முழுக் கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. அதாவது சுமார் 74 லட்சம் கன மீட்டர். ராமகுண்டத்தில் ஒரு வருஷத்தில் மிச்சம் ஆவதாகச் சொல்லும் தண்ணீர், மோர்தானா அணையில் கிட்டத்தட்டப் பாதி!

பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பகுதி இது. தண்ணீரில்லாத ஆறு என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசும் மாவட்டம் இது. வெயில் குடித்து விட்டுப் போகும் தண்ணீரில் கொஞ்சம் மிஞ்சினாலும் லாபம்தானே?

இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

ஏரி வற்றினால்?

தூத்துக்குடி நீர்த்தேக்கம் தொழிற்சாலைக்கு உரியது. ராமகுண்டம் நீர்த்தேக்கம் மின் நிலையத்துக்கு உரியது. இரண்டிலும் தொழில் நடக்க வேண்டுமானால் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். அதனால் வருஷம் முழுவதும் தண்ணீர் நிற்கும்.

குடியாத்தத்து ஏரி அப்படியா?

மழை கொட்டினால் ஏரி கடல் மாதிரி நிற்கும். 2021 நவம்பரில் மோர்தானா நிரம்பி வழிந்து, கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் ஓடியதை ஊர் மறக்கவில்லை. மழை பொய்த்தால் அதே ஏரியில் மாடு மேயும். பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள்.

மிதவைகள் தண்ணீரில் இருக்கும் வரை ராஜா. தண்ணீர் இறங்கிச் சேற்றில் உட்கார்ந்து விட்டால்? ஏரித் தரை சமமாக இருக்காது. ஒரு பக்கம் மேடு. ஒரு பக்கம் பள்ளம். மிதவை கோணலாக உட்காரும். கோத்த இடத்தில் இழுக்கும். சேறு காய்ந்து இறுகும். கீழே இருந்த குளிர்ச்சியும் போய் விடும். ஏரி நிரம்பினால் கயிறு நீள வேண்டும். இறங்கினால் கயிறு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் பாய் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கி விடும்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் அணையிலும் கேரளாவில் மிதக்க விட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தகுந்த நங்கூரம் வேண்டும். செலவு கூடும்.

காற்று வேறு இருக்கிறது!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கண்ணாடிப் பலகை எம்மாத்திரம்?

ஜப்பானில் யமகுரா என்ற அணையில் சுமார் 50 ஆயிரம் பலகைகள் மிதந்து கொண்டிருந்தன. 2019 செப்டம்பரில் வந்த புயலில் நங்கூரம் பிய்ந்தது. பலகைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து, தீப்பிடித்து எரிந்தன. தண்ணீர் மேல் தீ!

நம் நாட்டிலும் பாடம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றின் ஓம்காரேசுவர் அணையில் பெரிய மிதவை மின் நிலையம் அமைத்தார்கள். 2024 ஏப்ரலில் வீசிய சூறைக்காற்றில் அங்கே பலகைகள் சேதம் அடைந்தன. அதே அணையில் மீன் பிடிப்பவர்கள், "எங்க பொழப்பு என்ன ஆவறது?" என்ற கவலையோடு எதிர்ப்பும் தெரிவித்தார்கள்.

ஏரி யாருக்குச் சொந்தம்?

மீன்காரர் கேள்வி குடியாத்தத்திலும் வரும்.

பார்வைக்கு ஏரி வெறும் தண்ணீர்ப் பரப்பு. ஆனால் அங்குலம் அங்குலமாக அதற்கு ஆள் இருக்கிறது. பாசனத்துக்குக் காத்திருக்கும் விவசாயி ஒருவர். மீன் குத்தகை எடுத்தவர் ஒருவர். வாத்து மேய்ப்பவர் ஒருவர். கோடையில் வண்டல் மண் அள்ளி வயலுக்குப் போடுபவர் ஒருவர். துணி துவைப்பவர்கள், ஆடு மாடு ஓட்டி வருபவர்கள் தனி.

பலகை விரித்த இடத்தில் வலை வீச முடியாது. கான்கிரீட் கட்டை இறக்கிய இடத்தில் மண் அள்ள முடியாது. ஏரியைத் தூர் வார வேண்டும் என்று அதிகாரிகளே வந்தாலும் மிதவை குறுக்கே நிற்கும். தூர் வாராத ஏரியில் தண்ணீரை மிச்சப்படுத்தி என்ன பயன்?

ஏரி முழுவதையும் மூடி விடவும் கூடாது. வெளிச்சம் குறைந்தால் பாசி குறையும். அது நல்லது. ஆனால் ஒரேயடியாக மூடினால் தண்ணீரில் பிராண வாயு குறையும். மீன் செத்து மிதக்கும்.

பறவைகளையும் விட்டு விட முடியாது. கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் உட்கார நல்ல மேடை கிடைத்தது மாதிரி! எச்சம் விழுந்த இடத்தில் வெளிச்சம் படாது. மின்சாரம் குறையும். மாடியில் என்றால் துடைப்பத்தோடு ஏறி விடலாம். ஏரியில் படகு கட்டிக் கொண்டு போக வேண்டும்.

மோர்தானாவுக்கு இன்னொரு சங்கதி உண்டு. அது காட்டை ஒட்டிய அணை. அந்தப் பக்கம் யானைகள் நடமாட்டம் உண்டு. கரையில் வேலி போடுவதும், காட்டுக்குள் மின் லைன் இழுப்பதும் லேசான காரியம் அல்ல.

ஆம்பூரில் நேர்மாறு!

வேடிக்கை என்னவென்றால், பக்கத்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பகுதியில் கணக்கே தலைகீழ்!

உப்புப் போட்டுப் பதப்படுத்தி வரும் பச்சைத் தோலைத் தொழிற்சாலையில் முதலில் ஊற வைத்துக் கழுவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது. பாத்தி கட்டி வெயிலில் காய விடுகிறார்கள். அங்கே தண்ணீர் ஆவியாக வேண்டும். அதன் மேல் மிதக்கும் பலகை போட்டால் காரியம் கெட்டு விடும்!

பாலாற்றுப் பகுதித் தோல் கழிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்டில் சொன்ன தீர்ப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையங்களுக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டவும், மிச்ச உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைக்கவும் மோட்டார்கள் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே, சூரிய மின்சாரம் இந்தப் பகுதிக்கு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்தத் தண்ணீர் மேல் போடுவது என்று பார்த்துப் போட வேண்டும். எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர் அல்ல.

முதலில் பத்துக் கிலோவாட்!

இதில் கேரளாக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். வயநாட்டில் பாணாசுர சாகர் அணையில் எடுத்த எடுப்பில் பெரிதாகப் போட்டு விடவில்லை. 2016-ல் வெறும் 10 கிலோவாட் மிதக்க விட்டுப் பார்த்தார்கள். மழைக்கும் காற்றுக்கும் நின்றது. அதன் பிறகுதான் 2017 டிசம்பரில் 500 கிலோவாட் நிலையம் வந்தது. செலவு ரூ.9¼ கோடி.

காத்திருந்ததில் நாட்டுக்கு இன்னொரு லாபம். பாணாசுர சாகரில் ஒரு மெகாவாட்டுக்கு 18 கோடிக்கு மேல் விழுந்த செலவு, ஐந்து வருஷத்தில் ராமகுண்டத்தில் சுமார் 4¼ கோடியாக இறங்கி விட்டது. பெரிய அளவில் செய்ததும் அதற்கு ஒரு காரணம்.

சிங்கப்பூரிலும் அதே நிதானம்தான். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2016-ல் பத்து விதமான மிதவை அமைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். எது அதிகம் கொடுக்கிறது, எது சீக்கிரம் கெடுகிறது, பறவைக்கும் மீனுக்கும் என்ன ஆகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். பிறகுதான் 2021 ஜூலையில் 1 லட்சத்து 22 ஆயிரம் பலகைகளோடு 60 மெகாவாட் நிலையம் திறந்தார்கள். நீர்த்தேக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடவில்லை. நடுநடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இடைவெளி விட்டார்கள்.

குடியாத்தத்திலும் பத்துக் கிலோவாட்டில் தொடங்கிப் பார்க்கலாம். இடம் ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே போதும். ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தி நடக்கிற கூடம் அளவுதான். நாளைக்குச் சுமார் 40 யூனிட் கிடைக்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் பத்து மணி நேரம் ஓடும். ஏரிக்கரையில் குடிதண்ணீர்க் கிணறு இருந்தால், அந்த மோட்டாருக்கே கொடுத்து விடலாம்.

பெரிய விலையை வைத்துக் கணக்குப் பார்த்தால் நான்கு லட்சத்துச் சொச்சம் ஆகும். சின்னதாகச் செய்யும்போது கூடத்தான் ஆகும். ஆனால் கோடிக்கணக்கில் போட்டு விட்டுச் சேற்றில் பார்ப்பதை விட, லட்சத்தில் பாடம் படிப்பது மேல்.

எப்போது தேறியது என்று சொல்லலாம்?

ஏரி நிரம்பி, வெயில் அடித்து, பலகை மின்ன, ரிப்பன் வெட்டுகிற நாளில் போட்டோ பிரமாதமாக இருக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லி விடக் கூடாது.

ஒரு மழைக்காலம் போக வேண்டும். ஓர் ஆடிக் காற்று போக வேண்டும். ஒரு கத்திரி போக வேண்டும். மீன் குத்தகைக்காரருக்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்க வேண்டும். எத்தனை யூனிட் வந்தது, எத்தனை அங்குலம் தண்ணீர் மிஞ்சியது என்று கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஊரார் படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரி காய்ந்து கிடக்கும் ஒரு வருஷம் போய்ப் பார்க்க வேண்டும். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற அந்த ஏரியில், மிதவை கோணாமல் உட்கார்ந்திருக்கிறதா? அடுத்த மழைக்கு மறுபடி எழுந்து மிதக்கிறதா?

எழுந்தால், சோதனை பாஸ்!

எழாவிட்டால், நஷ்டம் பத்துக் கிலோவாட்டோடு போகும். ஏரி ஊரிடமே இருக்கும்.